பிரிட்ஜுக்கு மேலிருந்த டின்

போன மாதம் லண்டன் குட்மேய்ஸில் நடந்த ஒரு பிரியாவிடை விருந்தில், வளைகுடா நாட்டில் குடியேறி நண்பர்களைப் பிடிப்பது எப்படி என்று, யாரும் கேட்காமலே, நான் ஒரு சொற்பொழிவு ஆற்றிவிட்டேன். சிநேகிதியின் மகள் கல்யாணம் முடித்த கையோடு கணவனும் தானுமாகத் துபாய்க்கு வேலைக்குப் போகிறாள். "ரெண்டு வார்த்தை வாழ்த்திச் சொல்லுங்கோ அன்ரி" என்று மைக்கைத் தந்தார்கள். கோழிப் பொரியல் ஆறிப்போகும்வரை நான் மைக்கைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

இந்த விசயத்தில் எனக்கிருக்கும் தகுதி என்னவென்றால், ஒன்பது வயதில், ஒரு பள்ளி ஆண்டுகூட முழுதாக நிறையாமல், நான் அங்கே இருந்திருக்கிறேன். அதுவும் துபாயில் இல்லை. பக்கத்து நாடு. அதே விருந்தில் பாதி ஆயுளைத் துபாயில் கழித்த ஒருவர் கையில் தட்டோடு நின்று, நான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தார். நல்ல மனிதர்.

என் வயதுக்காரர்களுக்கு இது விளங்கும். ஐம்பதை நெருங்கும்போது எதைப்பற்றியும் நமக்கு அனுபவம் இருப்பதாக ஓர் எண்ணம் வருகிறது. முழங்கால் வலியும் ஏறக்குறைய அதே நேரத்தில்தான் வருகிறது. வலிக்காவது மருந்து இருக்கிறது.

பேச்சின் முடிவில் ஒரு பரிசும் கொடுத்தேன். அதைப் பிறகு சொல்கிறேன். மைக்கில் சொன்ன கதையில் நான் கொஞ்சம் கெட்டிக்காரியாகவே வந்தேன். எழுதும்போது அவ்வளவு சுலபமாக அது அமையவில்லை.

*

அப்போது நாங்கள் லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு கடைக்கு மேலே சித்தப்பா குடும்பத்தோடு சேர்ந்து இருந்தோம். அப்பா தண்ணீர்க் குழாய் எஞ்சினியர். படிக்க வந்து, படித்து முடித்து, நீல நிற பிரிட்டிஷ் பாஸ்போர்ட் எடுத்து, அந்தப் பாஸ்போர்ட்டின் பலத்தில் வளைகுடாவில் 'பிரிட்டிஷ் ஒப்பந்தம்' என்று ஒரு வேலை பிடித்தார். அந்த ஒப்பந்தத்தில் வீடு உண்டு, பள்ளிக்கூடச் செலவு உண்டு, வருசத்தில் ஒருமுறை லீவுக்கு விமான டிக்கெட் உண்டு. அதே அலுவலகத்தில் அதே வரைபடத்தை அதே மேசையில் பார்த்த இந்திய எஞ்சினியருக்கு இதில் எதுவும் இல்லை. பாஸ்போர்ட் வேறு. அப்பா அந்த நீலப் புத்தகத்தைக் கண்ணாடிச் சாமான் போலத் தூக்குவார்.

அங்கே வெள்ளை வெள்ளையாக வரிசை வீடுகள். வில்லா என்று சொல்ல வேண்டும். சுற்றிவர மதில், மதில் முழுக்கக் கடதாசிப்பூ, நடுவில் ஒரு நீச்சல் குளம். மதிலுக்கு வெளியே மணல். மதிலுக்கு உள்ளேயும் மணல்தான், ஆனால் அதை யாரோ தினமும் கூட்டுவார்கள். எனக்கு முதன்முதலாக ஒரு தனி அறை கிடைத்தது. ஜன்னலில் பொருத்திய ஏசி லொறி மாதிரி உறுமும். உறுமி முடிந்து அது நிற்கிற ஒரு நிமிடத்தில்தான் பக்கத்து அறையில் பெரியவர்கள் என்ன கதைக்கிறார்கள் என்று கேட்கும். அந்த வருடத்தில் நான் கேட்ட முக்கியமான விசயங்கள் எல்லாம் அரைகுறையாகக் கேட்டவை.

போய் இறங்கிய முதல் நாளே பக்கத்து வீட்டு ஆங்கிலேயப் பெண் கதவைத் தட்டினாள். வெயிலில் தக்காளி மாதிரிச் சிவந்த முகம், அரைக் காற்சட்டை, கையில் ஒரு வட்ட டின். உள்ளே எலுமிச்சை கேக். அம்மா பயணக் களைப்பில் தலைமயிரை அள்ளிச் செருகியபடி "தாங்க்யூ, தாங்க்யூ" என்று இரண்டு கையாலும் வாங்கினார். அப்பா பின்னால் நின்று சிரித்தார். கதவு சாத்தப்பட்டது. மிச்சக் கதை முழுவதும் அந்த டின்னின் கதைதான்.

டின்னின் மூடியில் பனி மூடிய ஓர் ஆங்கிலக் கிராமம். ஒரு தேவாலயம், ஒரு குதிரை வண்டி, வேலியில் நெஞ்சு சிவந்த குருவி. வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. கேக் இரண்டு நாளில் முடிந்தது. அம்மா டின்னைக் கழுவித் துடைத்து பிரிட்ஜுக்கு மேலே வைத்தார். அதன் பிறகு அது அங்கேயே இருந்தது.

ஏன் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒரு வீட்டிலிருந்து பாத்திரம் வந்தால் அதை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க முடியாது. ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது போட்டுக் கொடுக்க வேண்டும். முதல் தடவை, அதுவும் வெள்ளைக்கார வீடு என்றால் சீனி போதாது. மீனும் கிழங்கும் வைத்துச் சுருட்டிப் பொரிக்கிற ரோல்ஸ் வேண்டும். ரோல்ஸ் செய்வதற்கான எண்ணெய்த் தாச்சி, அரிதட்டு, வறுத்த மிளகாய்த்தூள் எல்லாம் பெட்டியில் கட்டிக் கப்பலில் போட்டிருந்தோம். கப்பல் எங்கேயோ நின்றது.

"கடையில பிஸ்கட் வாங்கிப் போட்டுக் குடுமன்" என்றார் அப்பா.

"அந்த மனுசி கையால செய்து கொண்டு வந்தது. நான் கடைப் பிஸ்கட்டோ குடுக்கிறது? பெட்டி வரட்டும்."

பெட்டி வரவில்லை.

*

அங்கே வெள்ளிக்கிழமைதான் ஞாயிற்றுக்கிழமை. நகரத்துக்கே ஒரு தேவாலயம். ஒரே பீடத்தில் காலையிலிருந்து மாலைவரை ஒவ்வொரு மொழியாகப் பூசை நடக்கும். அப்பா எங்களை ஆங்கிலப் பூசைக்குக் கூட்டிப் போவார். அங்கே முன்வரிசையில் பக்கத்து வில்லாக்காரர்கள் இருப்பார்கள். தலையசைப்பார்கள். நாங்களும் தலையசைப்போம். பூசை முடிந்ததும் எல்லாரும் கார்களை நோக்கி ஓடுவார்கள், ஏனென்றால் கார் இருக்கை ஒவ்வொரு நிமிடமும் அடுப்பாகிக்கொண்டிருக்கும்.

ஒரு முறை அம்மா பிடிவாதம் பிடித்துத் தமிழ்ப் பூசைக்குப் போனார். என்னையும் கூட்டிப் போனார். தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கத்துப் பெண்கள். தாதிகள், வீட்டு வேலைக்கு வந்தவர்கள். பூசை முடிந்து மர நிழலில் ஒரு தாதி ஓடிவந்து அம்மாவின் கையைப் பிடித்தாள்.

"அக்கா, புதுசா வந்திருக்கீங்களா? பேச்சைக் கேட்டா மலையாளம் மாதிரி இருக்கே."

"இல்லையம்மா, யாழ்ப்பாணம்."

"ஆமாமா, இப்ப தெரியுது. எங்க ஹாஸ்பிடல்லயும் ஒரு சிலோன் அக்கா இருந்தாங்க. எங்க தங்கியிருக்கீங்க?"

அம்மா வில்லாக்களின் பெயரைச் சொன்னார். அந்தப் பெண்ணின் கை மெதுவாக விலகியது.

"ஓ… அங்கயா? அது வெள்ளைக்காரங்க இருக்கிற இடமாச்சே. சரிங்க மேடம். அடுத்த வாரம் பார்க்கலாம் மேடம்."

ஒரு மர நிழலிலேயே அக்கா மேடமாகிவிட்டார். அம்மா வரும் வழியெல்லாம் கார் ஜன்னலையே பார்த்தபடி இருந்தார். அடுத்த வாரம் மறுபடியும் ஆங்கிலப் பூசை.

என் பாடும் இதைவிட மேலாக இல்லை. பிரிட்டிஷ் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஒருவரையொருவர் விசாரிக்கும் முறை வேறு. இதற்கு முன் உன் அப்பா எந்த நாட்டில் வேலை செய்தார் என்று கேட்பார்கள். ஒருத்தி நைஜீரியா, ஒருத்தன் புரூனே, இன்னொருத்தி இரண்டு நாடு. என்னிடம் கேட்டார்கள். "ஃபாரஸ்ட் கேட்" என்றேன். யாருக்கும் தெரியவில்லை. "அது ஆப்பிரிக்காவிலா?" என்று ஒருத்தி ஆவலோடு கேட்டாள். ஓம் என்றேன். ஒரு வாரம் நல்ல மதிப்பு. பிறகு யானையைப் பற்றிக் கேட்கத் தொடங்கினார்கள்.

வீட்டில் இன்னொரு வதை. குளிர்தண்ணீர்க் குழாயைத் திறந்தால் கொதிதண்ணீர் வரும். தண்ணீர்த் தொட்டி மொட்டை மாடியில், வெயிலில். அம்மா முதல் வாரமே கையைச் சுட்டுக்கொண்டார். பிறகு விடியற்காலையில் எழும்பி வாளிகளில் பிடித்து வைப்பார்; பகலில் அதைத்தான் புழங்குவோம். தண்ணீர்க் குழாய் எஞ்சினியர் வீடு இது. அப்பா மாடிக்குப் போய்த் தொட்டியைப் பார்த்துவிட்டு வந்து, "இதுக்கு ஒண்டும் செய்ய ஏலாது, இது இயற்கை" என்று தீர்ப்பளித்தார்.

*

நாளடைவில் வீட்டில் சத்தம் குறைந்தது. இதை விளங்கிக்கொள்ள லண்டனில் அம்மா எப்படி இருந்தார் என்று தெரிய வேண்டும். அப்டன் பார்க்கில் ஒரு துணிக்கடையில் வேலை செய்தவர். காலையிலிருந்து மாலைவரை நின்றபடி தமிழ், ஆங்கிலம், கற்றுக்கொண்ட அரை இந்தி மூன்றிலும் பேரம் பேசுவார். வீட்டுக்கு வந்தும் சின்னம்மாவோடு குசினியில் கதை. அந்த மனுசிக்கு இப்போது கதைக்க என்னைத் தவிர யாரும் இல்லை. நானோ ஆப்பிரிக்க யானைகளைப் பற்றிய கவலையில் இருந்தேன். மத்தியானம் பள்ளி பஸ்ஸிலிருந்து இறங்கினால் அம்மா கதவுக்குள்ளேயே நிற்பார். "இண்டைக்கு என்ன நடந்தது? ரீச்சர் என்ன உடுத்திருந்தவ? பிறகு?" என்று ஒன்றுவிடாமல் கேட்பார். அந்தப் 'பிறகு' எனக்கு எரிச்சலாக இருந்தது. இப்போது, என் பிள்ளைகள் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லிவிட்டு மாடிக்கு ஏறும்போது, நானும் 'பிறகு' என்று கேட்கிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு ஏசி நின்றது. அம்மாவின் குரல் கேட்டது.

"டிசம்பரில நத்தாருக்கு லண்டன் போறம்தானே. நான் திரும்பி வரமாட்டன். பிள்ளையோட அங்கயே நிண்டிடுவன். நீங்கள் வேலையைப் பாருங்கோ. லீவுக்கு லீவு வாங்கோ."

"இப்பதானே வந்தனாங்கள். பழகப் பழகச் சரிவரும்."

"ஆரோட பழக? இந்தச் சுவரோடயோ? அங்கால ஒரு வீட்டில கேக் தந்தவை, பிறகு ஒருநாள் எட்டிப் பாத்தவையோ? எல்லாரும் கிழமைக்கொரு வீட்டில கூடிக் கோப்பி குடிக்கினம். ஜன்னலால பாத்துக்கொண்டிருக்கிறன். என்னை ஒருத்தரும் கூப்பிடேல்லை."

அப்பா என்ன சொன்னார் என்று தெரியவில்லை. ஏசி மறுபடி உறுமத் தொடங்கிவிட்டது.

ஃபாரஸ்ட் கேட்டில் எங்கள் தெருவில் ஒரு பெடியன் இருந்தான். அவனுடைய அப்பா சவூதியில். அவர் லீவில் வந்த அன்று, அந்தப் பெடியன் வாசலில் நின்று கையை நீட்டி "ஹலோ அங்கிள்" என்றான். தெருவே சிரித்தது. அவனுடைய அப்பாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே உள்ளே போய்ச் சூட்கேசைத் திறந்து எல்லாருக்கும் டொஃபி கொடுத்தார். அந்த வெள்ளிக்கிழமை கட்டிலில் படுத்திருந்த எனக்கு அந்த டொஃபியின் பச்சைத் தாள்தான் ஞாபகம் வந்தது. எங்கள் அப்பாவும் டொஃபியோடு வரும் மனிதராகிவிடுவார்.

*

அடுத்த கிழமை பள்ளி பஸ்ஸில் பக்கத்து வில்லாவின் மகள் என் இருக்கைக்கு வந்தாள். என்னைவிட ஒரு வகுப்பு மேல்.

"அம்மா கேக்கச் சொன்னா. அந்த டின் உங்களுக்கு இன்னும் வேணுமா? பதினோராம் நம்பருக்குப் புது ஆட்கள் வந்திருக்காங்க."

அவள் விளக்கிச் சொன்னபோதுதான் தெரிந்தது. அந்த வில்லாக்களில் புதிதாக யார் வந்தாலும் அந்த டின்னில்தான் கேக் போகும். கேக்கைத் தின்றுவிட்டு டின்னைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கொடுக்கப் போகிற இடத்தில் உட்கார்ந்து கதைப்பார்கள், கோப்பிக்குக் கூப்பிடுவார்கள். பிறகு டின் அடுத்துக் குடிவருகிறவர்களின் வீட்டுக்குப் போகும். நாங்கள் வந்தபின் இரண்டு குடும்பங்கள் கேக் இல்லாமலே குடியேறியிருக்கின்றன. ஒரு நகரத்தின் பிரிட்டிஷ் விருந்தோம்பல் முழுவதும் எங்கள் பிரிட்ஜுக்கு மேலே அடைபட்டுக் கிடந்தது.

வீட்டுக்கு வந்தபோது அம்மா தலையிடியென்று படுத்திருந்தார். நான் கதிரையை இழுத்துப் போட்டு ஏறினேன். டின்னை எடுத்தேன். மூடியில் மணல் படிந்திருந்தது. பனியும் மணலும் கலந்த கிராமம். சட்டையால் துடைத்துக்கொண்டு ஓடினேன்.

பக்கத்து வீட்டுப் பெண் கதவைத் திறந்து, "அடடே, நல்ல பிள்ளை!" என்று வாங்கினாள். ஒரு கிளாஸ் தோடம்பழ ஜூஸ் தந்தாள். அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டாள். நல்லா இருக்கிறார் என்றேன். அவள் ஏதோ கேட்க வாயெடுத்துப் பிறகு விட்டுவிட்டாள்.

ஒரு பெரிய காரியத்தை முடித்த பெருமையோடு வீட்டுக்கு வந்தேன். அம்மா எழும்பிக் குசினியில் நின்றார். பிரிட்ஜுக்கு மேலே பார்த்தபடி நின்றார்.

"டின் எங்க?"

"குடுத்திட்டன்."

"என்னத்தைப் போட்டுக் குடுத்தனீ?"

"ஒண்டும் போடேல்லை. அவைக்கு அது உடன வேணுமாம்."

அம்மா கதிரையில் இருந்தார். நான் ஏறிய அதே கதிரை.

"வெறும் டின்னையோ? வெறும் டின்னையோ குடுத்திட்டு வந்தனீ?"

"அவ சிரிச்சவ அம்மா. ஜூஸும் தந்தவ."

"ஜூஸ் வேற வாங்கிக் குடிச்சனீயோ! சிரிப்பாதானே. ஏன் சிரிக்க மாட்டா? இவ்வளவு நாளும் டின்னை வைச்சிருந்து, கேக்கைத் திண்டு, துடைச்சுக் குடுத்திருக்கினம் எண்டு இப்ப வில்லா முழுக்கச் சொல்லிச் சிரிப்பா."

நான் பஸ்ஸில் கேட்டதைச் சொல்லப் பார்த்தேன். அம்மா கேட்கும் நிலையில் இல்லை. எழும்பினார். முந்தின நாள்வரை குசினியில் காலை இழுத்து இழுத்து நடந்த மனுசி, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினார்.

"உருளைக்கிழங்கை எடு. டின் மீன் ரெண்டு எடு. பாணை வெட்டி வெளியில மதில்ல காய விடு. ஓடு!"

ரோல்ஸுக்கு வழியில்லை, கட்லட். பாண் துண்டுகளை மதிலில் பரப்பினேன். நான் திரும்பி உள்ளே வந்து கிழங்கு உரிப்பதற்குள் அவை மொறமொறவென்று காய்ந்துவிட்டன. அந்த ஊர் வெயில் எங்களுக்குச் செய்த ஒரே உதவி அதுதான். கறிவேப்பிலை இல்லை, தாச்சி இல்லை. சோறு வடிக்கிற பானையில் எண்ணெய் விட்டுப் பொரித்தார். வெங்காயமும் மீனும் பச்சை மிளகாயும் வதங்கிய மணம் ஏசிக்குள் புகுந்து மூன்று அறைக்கும் போனது. அந்த வீடு எங்கள் வீடானது அன்றைக்குத்தான் என்று மைக்கில் சொன்னேன். கை தட்டினார்கள். உண்மையில் அன்றைக்கு நான் நினைத்தது, எனக்கு ஒரு கட்லட்டாவது மிஞ்சுமா என்பதுதான்.

*

அம்மா காஞ்சிபுரம் கட்டினார். பக்கத்துக் கதவுக்குப் போக. கையில் தட்டு, மேலே வெள்ளித்தாள், பின்னால் நான். கதவைத் திறந்த பெண் நீச்சல் உடையின் மேல் ஒரு துவாயைச் சுற்றியிருந்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்த பார்வையில், தான்தான் பிழையாக உடுத்திருக்கிறோம் என்று இருவரும் நினைத்தது தெரிந்தது.

"என் மகள் டின்னை வெறுமையாகத் தந்துவிட்டாள். மன்னிக்க வேண்டும்" என்றார் அம்மா, துணிக்கடை ஆங்கிலத்தில். அது நல்ல ஆங்கிலம். வாடிக்கையாளரை விடாத ஆங்கிலம்.

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை. டின் வெறுமையாக வராமல் வேறு எப்படி வரும்? ஆனால் கட்லட் விளங்கியது. வாசலிலேயே ஒன்றை எடுத்துக் கடித்தாள். உறைப்பில் கண் கலங்கியது. இன்னொன்றை எடுத்தாள். "உள்ளே வாங்கோ, உள்ளே வாங்கோ" என்று அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

உள்ளே உட்கார்ந்த பிறகுதான் அவள் அதைச் சொன்னாள்.

"நீங்கள் வருவீர்கள் என்று நாங்கள் எதிர்பார்க்கவே இல்லை. உங்களுக்குக் கூட்டம் பிடிக்காது, தனியாக இருக்கத்தான் விருப்பம் என்று உங்கள் கணவர் ஆபீசில் என் கணவரிடம் சொன்னாராம். கோப்பிக்குக் கூப்பிடலாமா என்று இரண்டு தடவை கேட்டோம். அதுதான் தொந்தரவு செய்யவில்லை."

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா சேலை மடிப்பைச் சரிசெய்தார். மடியில் இல்லாத ஒரு நூலை எடுத்துப் போட்டார்.

"என் கணவர்," என்றார் பிறகு, "மிகவும் கூச்ச சுபாவம் உள்ளவர்."

இரண்டு பெண்களும் சிரித்தார்கள். எதற்கென்று தெரியாமல் நானும் சிரித்தேன்.

போகும்போது அந்தப் பெண் அம்மாவின் கையிலிருந்த பழைய சுட்ட தழும்பைப் பார்த்துவிட்டாள். "ஐயோ, உங்களுக்கு யாரும் சொல்லவில்லையா?" என்றாள். வெயில் காலத்தில் வீட்டுக்குள் இருக்கிற ஹீற்றரை நிறுத்திவிட வேண்டும். அதில் நிற்கிற தண்ணீர்தான் வீட்டிலேயே குளிர்ந்த தண்ணீர். சிவப்புக் குழாயைத் திறந்தால் குளிர். நீலக் குழாயைத் திறந்தால் கொதி. வில்லாக்களில் கைக்குழந்தைக்கும் தெரிந்த விசயம். அத்தனை நாள் விடியப்புறம் எழும்பி வாளிகளில் தண்ணீர் பிடித்தது, சொல்ல ஒரு ஆள் இல்லாததால்.

பின்னேரம் அப்பா வந்தார். அம்மா காஞ்சிபுரத்தை மாற்றவில்லை.

"திங்கட்கிழமை காலமை பத்துப் பேர் வருகினம். கோப்பி குடிக்க" என்றார்.

"ஆர்?"

"இஞ்ச இருக்கிற பெண்டுகள்தான்."

"இஞ்சயோ? இருக்கிறதுக்குக் கதிரை இல்லையே."

"தங்கட தங்கட கதிரையைத் தூக்கிக்கொண்டு வருவினமாம். உங்களுக்கு ஏன் கவலை, நீங்கள் ஒபிசிலதானே நிப்பியள்." பிறகு, "எனக்குக் கூட்டம் பிடிக்காதெண்டு ஆரோ சொல்லியிருக்கினம். ஆரெண்டு தெரியேல்லை" என்றார்.

அப்பாவின் கை கழுத்துப் பட்டியில் நின்றது. நான் இருக்கிறேனா என்று பார்த்தார். இருந்தேன்.

"கொஞ்சம் தண்ணி தாரும். முகம் கழுவ" என்றார்.

"சிவப்புப் பைப்பைத் திறவுங்கோ."

"சிவப்போ? அது சுடுதண்ணியெல்லே?"

"திறந்துதான் பாருங்கோவன்."

குளியலறையில் அப்பா வெகுநேரம் நின்றார். தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது முகம், கழுத்து, சட்டைக் காலர் எல்லாம் நனைந்திருந்தன. "குளிராத்தான் வருகுது" என்றார். அந்த விசயத்தைப் பற்றி அந்த வீட்டில் நான் கேட்டது அவ்வளவுதான்.

*

நெடுங்காலம் அப்பா மீது எனக்குக் கோபம் இருந்தது. சேலை, உச்சரிப்பு, கதிரை இல்லாத வீடு இவற்றை நினைத்து வெட்கப்பட்டார் என்று ஒரு தீர்ப்பு எழுதி வைத்திருந்தேன். அது பொய்யென்று இப்போதும் சொல்ல மாட்டேன். ஆனால் அப்பா போனபின், அவருடைய அந்த வயதை நான் தாண்டியபின், வேறு சில விசயங்கள் ஞாபகம் வருகின்றன. வேலை முடிந்தும் அவர் ஒரு மணித்தியாலம் பிந்தித்தான் வீட்டுக்குள் வருவார். ஆபீசில் மற்ற ஆண்களெல்லாம் கிளப்புக்குப் போகிற நேரம் அது. அப்பா வில்லா வாசலில் காரை நிறுத்தி, தானே கழுவிக்கொண்டிருப்பார். கழுவின காரையே மறுபடியும் கழுவுவார். நான் அதை அவருடைய சுத்தம் என்று நினைத்தேன். அம்மாவுக்காவது முதல் நாளே ஒரு டின் வந்தது. அப்பாவுக்கு யாரும் கேக் கொண்டுவரவில்லை.

திங்கட்கிழமைக் கூட்டத்தை நான் பார்க்கவில்லை, பள்ளிக்கூடம். மத்தியானம் வந்தபோது குசினித் தொட்டி நிறையக் கோப்பைகள், விளிம்பில் உதட்டுச் சாயம். கட்லட் தட்டில் தூள்கூட இல்லை. அம்மாவுக்குக் குரல் அடைத்திருந்தது. "இண்டைக்கு என்ன நடந்தது?" என்று என்னிடம் கேட்கவில்லை. தானே சொல்லத் தொடங்கினார். பதினோராம் நம்பர்காரியின் மாமியார் எப்படிப்பட்டவள் என்பதுவரை சொன்னார். "பிறகு?" என்று கேட்டேன்.

நத்தாருக்கு ஃபாரஸ்ட் கேட்டுக்கு வந்தோம். சூட்கேசை வைத்ததுமே சின்னம்மா கேட்டார்.

"இனி அங்க போகமாட்டியள்தானே அக்கா? அறையைத் துப்பரவாக்கி வைச்சிருக்கிறன்."

நான் கோட்டைக் கழற்றாமல் நின்றேன்.

"போகாமல்?" என்றார் அம்மா. "ஜனவரியில முதல் கோப்பி எங்கட வீட்டில. சொல்லிப்போட்டு வந்திட்டன்."

திரும்பிப் போனோம். மாசியில் கப்பல் பெட்டியும் வந்து சேர்ந்தது. தாச்சி, அரிதட்டு, கட்டிபட்டுப்போன மிளகாய்த்தூள். பத்திரமாகப் பிரித்து அடுக்கி முடிந்த கொஞ்ச நாளில் அப்பாவின் கம்பனி அந்த வேலையை நிறுத்தியது. எல்லாவற்றையும் மறுபடி கட்டிக் கப்பலில் போட்டோம். அந்த டின் எங்களோடு வரவில்லை. எங்களுக்கு அடுத்து வந்தவர்களின் வீட்டுக்கு அது போவதை நான் கார் ஜன்னலால் பார்த்தேன்.

*

இனி அந்தப் பரிசு.

விருந்துக்கு முன் பல நாள் இணையத்தில் தேடி, பனிக் கிராமமும் தேவாலயமும் குதிரை வண்டியும் போட்ட ஒரு பழைய வட்ட டின்னைக் கண்டுபிடித்தேன். குருவி மட்டும் இல்லை. அதை ரிப்பன் கட்டி, பேச்சின் உச்சத்தில், சிநேகிதியின் மகளின் கையில் கொடுத்தேன். "போய் இறங்கின அண்டைக்கே இதில ஏதாவது செய்து பக்கத்து வீட்டுக்குக் குடு. திரும்பி வெறுமையா வந்தால் கவலைப்படாத. வெறும் டின்தான் கதவைத் திறக்கும்" என்றேன். இந்தக் கடைசி வரியை முந்தின நாளே எழுதிப் பாடமாக்கியிருந்தேன். அந்தப் பெண் கண் கலங்கினாள். பாதி ஆயுளைத் துபாயில் கழித்தவர்கூடக் கை தட்டினார்.

அம்மாவும் வந்திருந்தார். எண்பதைத் தாண்டிவிட்டார், காதில் கருவி, கையில் தடி. முன்வரிசையில் இருந்து முழுப் பேச்சையும் கேட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. காரில் ஏற்றி பெல்ட்டைப் போட்டுவிட்டேன். ஒரு பாராட்டு வரும் என்று பார்த்துப் பார்த்து ஓட்டினேன். இல்ஃபர்ட் சிக்னலில் சிவப்பு விழுந்தது. என்னால் பொறுக்க முடியவில்லை.

"எப்பிடியம்மா இருந்தது?"

"நல்லாத்தான் கதைச்சனீ. அந்த டின்னுக்குள்ள என்ன போட்டுக் குடுத்தனீ?"

"ஒண்டும் போடேல்லை. அதுதானே அம்மா விசயமே. வெறும் டின்—"

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒன்பது வயதில் ஒருமுறை பார்த்த அதே பார்வை.

"போற வழியில ரெண்டு டின் மீன் வாங்கு" என்றார். "அதுகள் பிளேன் ஏற முதல், நாளைக்கு நான்தான் எழும்பிக் கட்லட் பொரிக்கவேணும்."